மேல்தட்டை நீக்கிய இரவு

சரவணம்பட்டியில் இரவு பதினொன்றரை.
கனடாவில் அவர்களுக்கு மதியம்.
ஓலெக்கின் அஞ்சலில் இரண்டே வரி:
இருபத்திநாலாயிரம் வேண்டாம்.
ஒன்பதாயிரம் போதும்.

செங்கோட்டுவேல் நாற்காலியைப் பின்னால் தள்ளி
"ஏழு மாச வேலைங்க" என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
ஒருவன் டீ சொல்லப் போனான்.

நான் இரும்புக்குப் படம் வரைகிறவள்.
எந்த உத்தரம் எந்தத் தூணில்,
எத்தனை போல்ட், துளை எவ்வளவு தள்ளி.
இங்கே இரண்டு மில்லிமீட்டர் பிசகினால்
அங்கே கிரேனில் தொங்குகிற இரும்பு
உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.
பனியைப் பார்த்ததில்லை.
பனியின் எடை தெரியும்.
காற்றின் எடைக்குப் புத்தகம் வேண்டியதில்லை:
ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
எங்கள் மாடியில் காய்கிற துணியை
அடுத்த தெருவில் போட்டுவிட்டுப் போகும்.

பந்து உருண்டை என்றே முதலில் நினைத்திருந்தேன்.
மாங்கொட்டை மாதிரி இருக்கிறது.
அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.
பெயர் என்னவோ கால்பந்து.
மைதானம் நூற்றுப்பத்து கெஜம்,
இரண்டு முனையிலும் இன்னும் இருபது இருபது.
கெஜம் என்ற சொல்லைச் சேலைக்கு வெளியே
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பல்கலைக்கழகப் பையன்களும் சம்பளக்காரர்களும்
மாறி மாறி ஆடப்போகும் இடம்.
பையன்களுக்கு மூவாயிரம் பேர் வருவார்களாம்.
மற்றவர்களுக்கு எட்டாயிரம்,
அதுவும் வெயில் அடித்தால்.
இருபத்திநாலாயிரம் என்று முதலில் எழுதியது
யார் வீட்டு மீசையோ.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லி
அந்த ஊரிலும் யாரோ இருந்திருக்க வேண்டும்.

மேல்தட்டைத் தேர்ந்தேன்.
இருபத்தைந்தாம் வரிசையிலிருந்து உச்சிவரை
திரை நீலமாயிற்று.
நீக்கு.
சத்தமே இல்லை.
பதினைந்தாயிரம் பேர் ஒரே மூச்சில் எழுந்து போனார்கள்,
ஒருவரும் வந்திருக்கவே இல்லை.

குறைத்துவிட்டால் மட்டும் ஆகிவிடுமா?
கூரையைத் தாழ்த்தினோம்.
கத்துகிற சத்தம் வானத்துக்குப் போகாமல்
கத்தியவர் காதுக்கே திரும்பும்படி.
படிகளை முன்னால் இழுத்தோம்.
கடைசி வரிசைக்காரருக்கும்
ஆட்டக்காரன் வாயிலிருந்து ஆவி வருவது தெரியும்.
இருக்கை அகலம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர்;
நவம்பரில் ஆளுக்கு இரண்டு கோட்டு என்றார் ஓலெக்.
திருப்பூரில் செக்கிங் பார்க்கிற தங்கச்சி சிந்தாமணி
போனிலேயே சிரித்தாள்:
"எக்ஸ்எல் போட்டவனுக்கு மீடியம் சீட்டாக்கா?"
ஐம்பது ஆக்கினோம்.

எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு அஞ்சல்.
பின்பக்க அடித்தளத்தில்
நங்கூர போல்ட்டுகள் மட்டும் விட்டு வையுங்கள்,
என்றைக்காவது ஊர் பெருத்தால்
தூண் ஏற்றிக்கொள்ளலாம்.

விடிகாலை கணபதி வழியாக வண்டியில் வரும்போது
ஒவ்வொரு மொட்டைமாடியிலும் பார்த்தேன்,
வானத்தைப் பார்த்து நீட்டிய கம்பிகள்,
துரு ஏறாமலிருக்கத் தலையில்
கவிழ்த்த தண்ணி பாட்டில்.
எங்கள் வீட்டிலும் மூலைக்கு நான்கு.
இரண்டாம் மாடிக்கென்று அப்பா விட்டது.
மாடி வரவில்லை.
துணிக்கயிறு கட்டுகிறோம், ஒரு மூலையில்
காக்காய்க்குச் சோறு வைக்கிறோம்.
அறுத்துவிடலாமே என்று யாரும் சொன்னதில்லை.
ஓலெக்குக்கு இதை எழுத நினைத்தேன்.
"சரி, விட்டு வைக்கிறோம்" என்று மட்டும் எழுதினேன்.

முதல் ஆட்டத்துக்கு ஆறாயிரத்து எழுநூறு பேர்.
படம் அனுப்பியிருந்தார்.
ஒரு மூலை காலிதான்.
அங்கே இருக்கைக்கு இருக்கை
பனி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
எடை எனக்குத் தெரியும்.
நிறம்தான்
இவ்வளவு நீலமாக இருக்கும் என்று தெரியாது.